கம்யூனிட்டி காலேஜ் பேஸ்பால் பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பேஸ்பால் பார்ப்பது என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பெரிய அரங்கமும் அதற்கேற்ற செலவும்தான். ஆனால் பெரும்பாலான ஊர்களில், கார் எடுத்தால் சற்று நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், ஓர் இரண்டாண்டுக் கல்லூரியின் மைதானம் இருக்கிறது. அங்கே நல்ல தரமான பேஸ்பாலை, ஆட்டக்காரர்கள் பேசுவது காதில் விழும் நெருக்கத்தில் பார்க்கலாம். முதல்முறை போக நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றையும், அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்பது எப்படிப்பட்ட கல்லூரி? அங்கே யார் பேஸ்பால் ஆடுகிறார்கள்?

இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரி அது. பள்ளிப்படிப்பு முடித்தவர் எவரும் சேரலாம், கட்டணமும் குறைவு. அங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்குப் போய்ச் சேர்ந்துகொள்பவர்கள் ஏராளம். இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ்தான் இவ்வகைப் பொதுக் கல்லூரிகளில் மூத்தது. கலிஃபோர்னியாவில் மட்டும் இன்று 116 இருக்கின்றன.

இவற்றின் விளையாட்டுகளை நடத்துவதற்காக என்ஜேசிஏஏ என்ற தேசியச் சங்கம் 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் உருவானது. இன்று கலிஃபோர்னியாக் கல்லூரிகளுக்கும் வடமேற்கு மாநிலக் கல்லூரிகளுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் இந்த உலகம் முழுவதையும் 'ஜூக்கோ' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவார்கள். மைதானத்தில் அந்தச் சொல் உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

ஆடுபவர்கள் பெரும்பாலும் 18 முதல் 20 வயதுக்குட்பட்டவர்கள். பள்ளியில் குள்ளமாக இருந்து பிறகு உயர்ந்தவன், தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மீண்டவன், மதிப்பெண் போதாமல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவன், குடும்பத்தில் பணம் இல்லாதவன், தொழில்முறை அணிக்குச் சீக்கிரம் போக விரும்புகிறவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு காரணம். எல்லோருக்கும் பொதுவானது, கையில் இருப்பவை இரண்டே சீசன்கள் என்பது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். எல்லையோரம் வரை ஓடி விழுந்து ஒரு பந்தைப் பிடிக்கும் பையன் ஏன் அப்படி விழுகிறான் என்பது புரியும்.

டிக்கெட் உண்டா?

பல இடங்களில் இல்லை. வாங்கும் இடங்களிலும் தொகை சிறியதுதான். வாசலில் ஒரு மேசை போட்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கையில் கொஞ்சம் சில்லறை நோட்டு இருக்கட்டும்.

எந்த மாதங்களில் ஆட்டம் நடக்கும்? எவ்வளவு நேரம் ஆகும்?

சீசன் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்கி மே மாதம் வரை போகும். வட மாநிலங்களில் பிப்ரவரியில் மைதானம் பனிக்கடியில் கிடக்கும். அதனால் அங்குள்ள அணிகள் முதல் சில வாரங்கள் பேருந்தேறித் தெற்கே போய் ஆடிவிட்டு, பனி உருகிய பிறகுதான் சொந்த மைதானத்தில் இறங்குவார்கள். இலையுதிர் காலத்தில் பயிற்சி ஆட்டங்களும் உண்டு. முடிவு எங்கும் பதிவாகாத ஆட்டங்கள் என்றாலும், அணியில் இடம்பிடிக்கும் போட்டி நடப்பது அப்போதுதான்.

வார நாள்களில் பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத் தொடங்கும். பல சிறிய மைதானங்களில் இரவு விளக்கு கிடையாது என்பதால், பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்துக்கு (இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடித்தால் ஓர் இன்னிங்ஸ்) ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். சனிக்கிழமைகளில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் வைப்பதும் வழக்கம். அப்போது இரண்டுமோ அல்லது ஒன்றோ ஏழு இன்னிங்ஸாகச் சுருங்கும், நடுவில் சிறு இடைவேளை இருக்கும். ஒரு பக்கம் பத்து ரன் முன்னிலை பெற்றுவிட்டால் குறிப்பிட்ட இன்னிங்ஸோடு முடித்துக்கொள்ளும் விதி பல கூட்டமைப்புகளில் உண்டு.

முழு நாளும் இருக்க முடியாதவர்கள் இரண்டாவது ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்த பந்துவீச்சாளரை முதல் ஆட்டத்தில் இறக்கிவிடும் அணிகள் இரண்டாவதில் புதியவர்களுக்கு வாய்ப்பு தருவதுண்டு. பெயர் தெரியாத ஒரு பையன் எழுந்து நிற்பதைப் பார்க்க அதுதான் சரியான நேரம்.

எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்?

இதுதான் சிறிய மைதானத்தின் பெரிய வரம். அலுமினியப் பலகை அடித்த நாலைந்து வரிசைப் படிக்கட்டுகள், அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் இருக்கும். மற்றபடி கம்பிவேலி ஓரமாக மடக்கு நாற்காலி போட்டுக்கொள்ளலாம், புல்மேட்டில் விரிப்பு விரிக்கலாம். இருக்கை எண் கிடையாது. ஒவ்வொரு இன்னிங்ஸும் வேறிடத்துக்கு மாறிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

முதல் மூன்று இன்னிங்ஸ் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், வலைக்கு அருகே இருங்கள். ஹோம் பிளேட்டிலிருந்து பின்தடுப்புக்கு 60 அடி இடைவெளி இருக்கட்டும் என்பது பேஸ்பால் விதிநூலின் பரிந்துரை. ஆக, மணிக்கு 85, 90 மைல் வேகத்தில் வரும் பந்தை நீங்கள் ஏறத்தாழ அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பீர்கள். நேராக வந்த பந்து கடைசி நொடியில் கீழே சரிவதைத் தொலைக்காட்சி ஒருபோதும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் பந்து விழும் ஓசையும் கவனிக்கத் தக்கது. வேகம் கூடக்கூட அந்த ஓசை கூர்மையாகும். சற்றுப் பழகினால், பிட்சர் (பந்து வீசுபவர்) களைத்துவிட்டதை ஓசையை வைத்தே சொல்லிவிடலாம்.

பிறகு எழுந்து வெளிக்கோட்டை ஒட்டியிருக்கும் புல்பென் பக்கம் போங்கள். அடுத்து இறங்கப்போகும் பிட்சர் அங்கேதான் கை சூடேற்றிக்கொண்டிருப்பார். தொழில்முறை அரங்கங்களில் பெரும்பாலும் மறைவில் நடக்கும் இந்த வேலை, இங்கே உங்கள் கண்முன் சில அடி தூரத்தில் நடக்கும்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்கு நோக்கி இருப்பது நல்லது என்று விதிநூல் சொல்கிறது. அப்படி அமைந்த மைதானத்தில் மாலைச் சூரியன் அடிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பிளேட்டுக்குப் பின்னால் உட்காரும் நமக்குக் கண் கூசாது, ஆனால் பிடரி வேகும். கூரை இருக்காது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். சூரியன் இறங்கியதும் சட்டென்று குளிரும், மார்ச் மாதத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

பந்து வந்து மேலே விழுமா?

விழும். இதை நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை. சிறிய மைதானங்களில் வலை ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மட்டும்தான் இருக்கும். பக்கவாட்டில் இடுப்பு அல்லது தோள் உயரக் கம்பிவேலியோடு சரி. அடித்து, கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் பந்து அந்த வேலியைத் தாண்டி நேராகப் பாய்ந்து வரும். கிரிக்கெட் பந்தைவிடச் சில கிராம்தான் எடை குறைவு, ஆனால் மட்டையில் பட்டு வரும் வேகத்தில் எலும்பை முறிக்கும்.

வலைக்கு வெளியே உட்கார்ந்தால், பிட்சர் கையைத் தூக்கியது முதல் பந்து நிற்கும் வரை கண்ணை எடுக்காதீர்கள். கைப்பேசி பார்க்க வேண்டுமென்றால் இன்னிங்ஸ் இடைவேளையில் பாருங்கள். கைக்குழந்தையோடு வந்திருந்தால் வலைக்குப் பின்னால் தவிர வேறெங்கும் வேண்டாம். யாராவது 'ஹெட்ஸ் அப்!' என்று கத்தினால் நிமிர்ந்து பார்க்கக்கூடாது. தலையைக் கையால் மூடிக்கொண்டு குனியுங்கள். பந்து எங்கே என்று அண்ணாந்து தேடுபவரின் முகத்தில்தான் அது விழும்.

காரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். வேலியை ஒட்டிய நிழலான இடம் காலியாக இருந்தால், அது காலியாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும்.

கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஆட்டம் புரியுமா?

இரண்டு இன்னிங்ஸுக்குள் புரிந்துவிடும். கிரிக்கெட் பிட்ச் 66 அடி. இங்கே பிட்சரின் பலகையிலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். பந்து தரையில் குத்தாமல் வருகிறது. 90 மைல் வேகப் பந்து கையிலிருந்து பிளேட்டுக்கு வர நொடியில் பத்தில் நாலு பங்குதான் ஆகும். அதற்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். அடிக்கக்கூடிய இடத்தில் வந்தும் விட்ட பந்தும், மட்டையைச் சுழற்றித் தவறவிட்ட பந்தும் ஸ்டிரைக். மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். எட்டாத இடத்தில் போட்ட நாலு பந்துகளை அடிக்காமல் விட்டால் முதல் பேஸுக்கு நடந்து போகலாம். மூன்று பேர் அவுட்டானால் அணிகள் இடம் மாறும். பேஸுக்குப் பேஸ் 90 அடி, நாலையும் சுற்றி வந்தால் ஒரு ரன். இதற்கு மேல் முதல் நாளில் தேவையில்லை.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ரன் வராத நேரத்தை வெறும் நேரம் என்று எண்ணிவிடாதீர்கள். டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நல்ல ஓவரை, ஓட்டமே வராவிட்டாலும் ரசிக்கத் தெரிந்தவர் என்றால் உங்களுக்கு இந்த ஆட்டம் பிடிக்காமல் போகாது. எட்டாத பந்து மூன்று, ஸ்டிரைக் இரண்டு என்ற நிலையில் பிட்சர் அடுத்து என்ன போடுவார்? அந்த ஒரு கேள்விக்குள் முழு ஆட்டமும் இருக்கிறது.

ஸ்கோர்போர்டு பழுதாகியிருந்தால்?

அப்படி நேர்வதுண்டு. ஒரு ஸ்கோர் நோட்டு வாங்கி நீங்களே எழுதிப் பழகுங்கள் என்பதே என் யோசனை. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுகளுக்கு நடுவில் நிற்பவர்) 6, வெளிக்களத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இருவர் அவுட்டானால் 6-4-3 என்று எழுத வேண்டும். மட்டையைச் சுழற்றித் தவறவிட்டு அவுட்டானவருக்கு 'கே' எழுத்து, மூன்றாவது ஸ்டிரைக்கைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு அதையே திருப்பிப் போட வேண்டும். எழுதத் தொடங்கினால் கவனம் சிதறாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரரின் அப்பா உங்களிடமே ஸ்கோர் கேட்பார், பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

டக்அவுட்டிலிருந்து ஏன் இவ்வளவு சத்தம்?

டக்அவுட் என்பது களத்தோரம் அணி உட்காரும் இடம். அங்கே ஆடாமல் உட்கார்ந்திருப்பவர்களின் வேலை அது. ஒவ்வொரு பந்துக்கும் குரல் கொடுப்பார்கள், சொந்த ஆளை உற்சாகப்படுத்துவார்கள், எதிரணிப் பிட்சரைச் சீண்டுவார்கள். கூட்டம் குறைவாக இருப்பதால் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். சில சமயம் குழந்தைகள் கேட்கக்கூடாத சொல்லும் விழும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர் ஒரு பையனைத் தனியே அழைத்து, அவன் செய்த தவற்றை நிதானமாக விளக்குவதும் கேட்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பிளேட்டுக்குப் பின்னால் துப்பாக்கி போன்ற கருவியை நீட்டிக்கொண்டிருப்பவர்கள் யார்?

அது பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கருவி. பிடித்திருப்பவர் பல்கலைக்கழகத்துக்கு ஆள் தேடி வந்த பயிற்சியாளராக இருக்கலாம், தொழில்முறை அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டாகவும் இருக்கலாம். பல்கலைக்கழக ஆட்டக்காரர்கள் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடிக்கவோ 21 வயது ஆகவோ காத்திருந்த பிறகே, தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் சுற்றுச் சுற்றாகப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் 'டிராஃப்ட்' தேர்வுக்குத் தகுதி பெறுவார்கள். ஜூக்கோ ஆட்டக்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, எந்த ஆண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம். 2022 முதல் பழைய வழக்கம் ஒன்றும் திரும்பியிருக்கிறது. பத்தாம் சுற்றுக்குப் பிறகு தேர்ந்தெடுத்த ஒருவனை உடனே ஒப்பந்தம் செய்யாமல், ஜூக்கோவில் ஓராண்டு ஆடவிட்டுப் பார்த்து அணி முடிவு செய்யலாம்.

அவர்கள் முன்னால் போய் நின்று மறைக்காதீர்கள். கருவியில் என்ன வேகம் காட்டுகிறது என்று பணிவாகக் கேட்டால் சிலர் சொல்வார்கள். அந்த எண் ஒரு பையனின் நாலு வருடப் படிப்புச் செலவைத் தீர்மானிக்கக்கூடும். கலிஃபோர்னியாவிலும் என்ஜேசிஏஏயின் மூன்றாம் பிரிவிலும் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை. அங்கே ஆடுகிறவர்கள் அடுத்த கதவு திறக்குமா என்று பார்த்துத்தான் ஆடுகிறார்கள்.

இங்கிருந்து யாராவது பெரிய அளவுக்குப் போயிருக்கிறார்களா?

ஜாக்கி ராபின்சன். 1947-இல் வெள்ளையர்கள் மட்டுமே ஆடிவந்த, தொழில்முறைப் பேஸ்பாலின் உச்சமான பெரிய லீகில் இறங்கி நிறத்தடையை உடைத்தவர், அதற்குப் பத்தாண்டு முன்பு கலிஃபோர்னியாவில் பாசடீனா ஜூனியர் காலேஜ் மாணவர். அங்கே ஷார்ட்ஸ்டாப்பாக ஆடினார்.

டொமினிக்கன் குடியரசிலிருந்து மிசௌரிக்குக் குடிவந்த ஆல்பர்ட் புஹோல்ஸ், கான்சஸ் சிட்டியில் மேப்பிள் வுட்ஸ் கம்யூனிட்டி காலேஜில் ஒரே சீசன் ஆடினார். 1999 டிராஃப்டில் 13-ஆம் சுற்று வரை எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 703 ஹோம் ரன்கள் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வரவைக்கும் அடிகள்). மயாமி-டேட் காலேஜில் ஆடிய மைக் பியாட்சாவை 1988-இல் 62-ஆம் சுற்றில் எடுத்தார்கள். 2016-இல் அவர் பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார். ஹூஸ்டன் பக்கம் சான் ஜெசின்டோ காலேஜ் ரோஜர் கிளெமென்ஸும் ஆண்டி பெட்டிட்டும் பந்து வீசிய இடம்.

பிரைஸ் ஹார்ப்பர் கதை வேறு. உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளைத் தாண்டுவதற்காகச் பள்ளிப்படிப்புக்கு இணையான சமநிலைத் தேர்வு எழுதி, 17 வயதில் நெவாடாவில் காலேஜ் ஆஃப் சதர்ன் நெவாடாவுக்கு வந்தார். அலுமினிய மட்டைக்குப் பதில் மர மட்டை பயன்படுத்தும் கூட்டமைப்பில் ஆடி 31 ஹோம் ரன் அடித்தார். அந்த ஆண்டே, 2010-இல், டிராஃப்டின் முதல் ஆளாக வாஷிங்டன் அணி எடுத்தது.

ஆனால் பெரும்பாலானவர்கள் இப்படிப் போவதில்லை. ஆசிரியராக, தீயணைப்பு வீரராக, கணக்காளராக ஆவார்கள். அவர்களுடைய சிறந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அன்று அந்தப் படிக்கட்டில் இருந்தவர்கள் மட்டும்தான். அதனாலேயே போய்ப் பார்ப்பது முக்கியம் என்று நினைக்கிறேன்.

நடுவரைத் திட்டலாமா?

வேண்டாம். பல ஆட்டங்களில் இரண்டே நடுவர்கள்தான் முழு மைதானத்தையும் பார்த்துக்கொள்வார்கள். ஒருவர் பிளேட்டுக்குப் பின்னால், மற்றவர் களத்துக்குள். பெரிய லீகில் இருப்பது போன்ற வீடியோ பரிசீலனை இங்கே கிடையாது. பந்து ஸ்டிரைக்கா இல்லையா என்பதில் வாதாடினால் ஆட்டக்காரரையே வெளியேற்றிவிடுவார்கள். ஹார்ப்பர் 2010 தேசியத் தொடரில் மூன்றாவது ஸ்டிரைக்குக்குப் பிறகு, பந்து எங்கே போனது என்று காட்ட மட்டையால் மண்ணில் கோடு போட்டார். உடனே வெளியேற்றப்பட்டார், தொடர்ந்து தடையும் வந்தது. அவருடைய கல்லூரி ஆட்டம் அத்தோடு முடிந்தது.

ஆட்டக்காரர்களைக் கேலி செய்வதும் வேண்டாம். பந்தைத் தவறவிட்ட பையனின் அம்மா உங்களுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார்.

கையில் கிடைத்த பந்தை வைத்துக்கொள்ளலாமா?

பெரிய அரங்கத்தில் அது உங்களுக்கு. இங்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பந்துச் செலவு இந்த அணிகளின் பட்ஜெட்டில் சிறியதல்ல. களத்துக்குள் எறியாமல், டக்அவுட் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சில மைதானங்களில் பந்து கொண்டுவரும் குழந்தைக்கு மிட்டாய் தருவார்கள். வேலிக்கு வெளியே பந்து தேடி ஓடும் குழந்தைக் கூட்டம் ஆட்டத்தைவிட அதிக உற்சாகத்தில் இருக்கும்.

சாப்பாடு, கழிப்பறை?

வார இறுதியில் சிறிய கடை திறந்திருக்கும். ஹாட்டாக், நாச்சோஸ், சூரியகாந்தி விதை, குளிர்பானம் கிடைக்கும். அந்த வருமானம் பெரும்பாலும் அணிக்கே போகும் என்பதால் எதையாவது வாங்குங்கள். வார நாள்களில் கடை இல்லாமலும் இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் தயிர்சாதமோ புளியோதரையோ கட்டிக்கொண்டு போகலாம், சிறிய மைதானங்களில் யாரும் தடுத்துப் பார்த்ததில்லை. மதுவும் புகையும் கல்லூரி வளாகங்களில் பொதுவாக அனுமதி இல்லை. கழிப்பறை அருகிலுள்ள கட்டடத்தில் இருக்கலாம், சில இடங்களில் தற்காலிகக் கூண்டுதான். வந்தவுடன் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகும் ஆட்டக்காரர்கள் ஏன் போகாமல் இருக்கிறார்கள்?

மைதானத்தைப் பராமரிப்பது பல கல்லூரிகளில் அவர்களேதான். ஒருவன் பிட்சர் மேட்டில் விழுந்த குழிகளைக் களிமண் போட்டு இடித்து நிரப்புவான். இருவர் உள்களத்து மண்ணைச் சமன் செய்வார்கள். இன்னொருவன் குழாய் பிடித்துத் தண்ணீர் தெளிப்பான். ஒரு நாள் காத்திருந்து பாருங்கள். சற்று முன் ஹோம் ரன் அடித்தவன் கையில் மண்வாரி இருக்கும். பெற்றோர் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வேலியோரம் நிற்பார்கள். அப்போது போய் "நன்றாக ஆடினாய்" என்று சொன்னால், உங்களைத் தெரியாவிட்டாலும் அந்தப் பையன் முகம் மலரும்.

இந்த ஆட்டங்களுக்கு இறுதிப் போட்டி எங்கே?

என்ஜேசிஏஏ முதல் பிரிவின் தேசியத் தொடர் 1959 முதல் கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் ஜங்ஷன் நகரில் நடக்கிறது. மே கடைசியில், நினைவு நாள் விடுமுறையை ஒட்டித் தொடங்கும். சாம் சப்ளிசியோ மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். இரண்டாம் பிரிவுக்கு ஓக்லஹோமாவின் ஈனிட். முப்பது பேர் முன்னால் ஆடிப் பழகிய பையன்கள், நிரம்பி வழியும் கூட்டத்தின் முன் இறங்கும் காட்சிக்காகவே ஒருமுறை கிராண்ட் ஜங்ஷன் போகலாம். கலிஃபோர்னியாவின் மாநில இறுதிப் போட்டியும் மே மாதம்தான்.

என் ஊருக்கு அருகே எங்கே பார்க்கலாம்?

நம்மவர்கள் அதிகம் வாழும் ஊர்களையே எடுத்துக்கொண்டால், ஃப்ரீமான்ட்டில் ஓலோனி காலேஜ், நியூஜெர்சி எடிசனில் மிடில்செக்ஸ் காலேஜ், சிகாகோ புறநகரில் காலேஜ் ஆஃப் டுபேஜ், டாலஸ் வட்டாரத்தில் டாலஸ் காலேஜ் வளாகங்கள். கல்லூரியின் பெயரோடு பேஸ்பால் அட்டவணை என்று சேர்த்துத் தேடினால் தேதி, நேரம் கிடைத்துவிடும். கிளம்பும் முன் அன்று காலை இன்னொருமுறை பாருங்கள். முந்தைய இரவு மழை பெய்திருந்தால், வானம் தெளிந்த பிறகும் உள்களத்து மண் காயாமல் ஆட்டம் தள்ளிப்போகும். சில சமயம் எதிரணியின் மைதானத்துக்கே மாற்றிவிடுவார்கள்.